மழைக்கு வைத்த மாதிரி

மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் பயந்துபோய் டாக்டரிடம் ஓடுவார்கள். கொஞ்ச நாளில் வெள்ளைக் கைக்குட்டை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஊதலக்கா அந்தக் கட்டத்தையெல்லாம் எப்போதோ தாண்டியவள். தேநீரின் மேல் மெல்லிசாகப் படர்ந்திருக்கும் கறுப்பு ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பாள்.

அச்சடிக்கும் இயந்திரங்களிலும் நகலெடுக்கும் இயந்திரங்களிலும் மைக்குப் பதிலாகப் போடுகிற கறுப்புப் பொடியைச் செய்கிற நிறுவனம் அது. அவள் படித்தது வேதியியல். செய்வது ஊதுவது. பொடியை இரும்பு மணிகளோடு ஒரு புட்டியில் போட்டுக் குலுக்குவாள். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே சங்கதிதான்: உரசலில் பொடிக்கு மின்னூட்டம் ஏறும். பிறகு அதை அடியில் சல்லடை வைத்த கிண்ணத்தில் கொட்டிக் காற்றால் ஊதினால் பொடி பறந்துவிடும், மணிகள் தங்கிவிடும், எவ்வளவு ஏறியிருந்தது என்பதை மீட்டர் சொல்லிவிடும். கேட்க எளிது. ஆனால் ஒரே பொடியை மற்றவர்கள் ஊதினால் தடவைக்கு ஒரு எண் வரும். அவள் ஊதினால் எத்தனை தடவையும் ஒரே எண்தான். அதனால் ஊதுவதெல்லாம் அவள் தலையில் விழுந்தது, பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பொடி தன் போக்கில் விட்டால் சொன்ன பேச்சுக் கேட்காது. ஒரு துகள் அளவுக்கு மீறி ஏற்றிக்கொள்ளும், பக்கத்துத் துகள் எனக்கென்ன என்று கிடக்கும். எழுத்து விழ வேண்டிய இடத்தில் விழாமல் தாள் முழுக்க அழுக்குப் படியும். அதைக் கட்டுக்குள் வைக்க ஒரு வெள்ளைப் பொடியைச் சிட்டிகை அளவு சேர்ப்பார்கள். ஆய்வகத்தில் அதற்குக் கடிவாளம் என்று பெயர். காப்புரிமை கடிவாளத்துக்குத்தான், வழக்கும் கடிவாளத்துக்குத்தான். குதிரையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

அவளுக்கும் ஒருமுறை கல்யாணம் ஆகியிருக்கிறது. அந்த மனுஷன் குடிகாரன் இல்லை, அடிக்கிறவன் இல்லை. அவள் குளித்துவிட்டு வந்ததும் குளியலறைத் தரையில் ஓடுகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவன். சில மாதங்கள் பார்த்தாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "சோப்பு கட்டுப்படியாகல" என்று சொல்லி வாயை அடைத்தாள். அன்றிலிருந்து தம்பி வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். சமையல், சாப்பாடு, சண்டை எல்லாம் கீழே, தம்பி குடும்பத்தோடு.

காப்புரிமை கேட்டு மனுப் போடுகிறவர்கள் எங்கள் சரக்கு நல்லது என்று சொன்னால் மட்டும் போதாது, பழைய சரக்கு மட்டம் என்றும் காட்டவேண்டும். அதற்காக ஒப்பீட்டு மாதிரி என்று ஒன்றைச் செய்து அளந்து மனுவில் சேர்ப்பார்கள். குள்ளமானவனைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்வது போல. குள்ளம் போதாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் அந்த ஆய்வகத்தில் ஒரு வழி இருந்தது.

"அதை மழைக்கு வைங்க" என்பார் ஆய்வகத் தலைவர்.

ஈரக் காற்றில் மின்னூட்டம் நிற்காது, ஒழுகிவிடும். எந்தப் பொடியானாலும் அப்படித்தான். நிறுவனத்தின் சொந்த மாதிரியை வெயில் காலத்தில், ஜன்னலைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓட ஓட ஊதச் சொல்வார். பழைய முறையில் செய்ததை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைக்கச் சொல்வார். வானம் பொத்துக்கொண்டு, துணி காயாமல் நாறுகிற நாளில் அது கீழே இறங்கும். அன்றைக்குப் பார்த்து ஈரம் உறிஞ்சும் இயந்திரம் சர்வீஸுக்குப் போயிருக்கும். செய்முறையில் ஒரு வரி பொய் கிடையாது. அளந்த எண்ணிலும் பொய் கிடையாது. மழை என்ற சொல்தான் எங்கேயும் கிடையாது.

தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் விளக்கெண்ணெய் என்று பெயர். எங்கே பிடித்தாலும் வழுக்குவார், வழுக்கிய இடத்தில் பிசுபிசுப்பு இருக்கும். ஊதலக்காவுக்கு இந்த மழை வேலை பிடித்ததில்லை. ஆனாலும் கூடையில் நல்ல தக்காளியை மேலே அடுக்கி விற்கிறவன் ஊரில் இல்லையா என்று நினைத்துக்கொண்டு ஊதிவந்தாள். அந்தக் கூடை தம்பி தலையில் வந்து கவிழும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பியும் வேதியியல் படித்தவன்தான். வேறொரு ரசாயன ஆலையில் இருந்தவன், கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து தகரக் கொட்டகை போட்டுத் தானே கறுப்புப் பொடி செய்ய ஆரம்பித்தான். கடிவாளம் பழைய முறையில் செய்தது. அதன் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் செய்துகொள்ளலாம். அச்சு இயந்திரங்களின் தீர்ந்துபோன பெட்டிகளில் பொடி நிரப்பித் தருகிற கடைகளெல்லாம் அவனிடம் வாங்க ஆரம்பித்தன. பொடி நன்றாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவன் கையில் தாள்களோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்தான்.

"அக்கா, நான் திருடனாம். யாரு சொல்றான்னு பாரு."

"யாரு?"

"நீதான்."

அவள் வாங்கிப் படித்தாள். அவள் வேலை பார்க்கிற நிறுவனம் அனுப்பிய வழக்குத் தாள். அதில் இருந்தது இதுதான்: பழைய முறையில் செய்த கடிவாளத்தில் மின்னூட்டம் நிற்காது என்பது எங்கள் மூன்றாம் ஒப்பீட்டு மாதிரியிலேயே நிரூபணமாகியிருக்கிறது. இவர்கள் பொடியிலோ நன்றாக நிற்கிறது. ஆகவே இவர்கள் எங்கள் புது முறையைத் திருடித்தான் செய்கிறார்கள். கூட இணைத்திருந்த அளவீட்டின் கீழே அவள் கையெழுத்து இருந்தது.

"நான் எங்கடா உன்னத் திருடன்னேன்?"

"நீ சொல்லல, உன் மீட்டர் சொல்லுது. வீட்டுக்குள்ளயே அவங்க ஆளு ஒருத்தி இருக்கா, ரகசியம் வெளிய வர வழியும் சுலபம்னு வேற எழுதியிருக்காங்க, அடுத்த பக்கத்தப் பாரு."

தம்பி மனைவி தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சில் யாருக்கும் தள்ளுபடி தராதவள். "அண்ணி உங்களுக்குத் திருடிக் குடுத்தாங்களா, இல்ல உங்களத் திருடன்னு காட்டிக் குடுத்தாங்களா? ரெண்டுல ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க. ஒரே ஆளு எப்படிங்க ரெண்டையும் செய்யறது, அவங்களுக்கு ஆபீஸ் வேல வேற இருக்கு."

ஊதலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "டேய், அந்த மூணாம் மாதிரி இருக்கே, அத அன்னைக்கு..."

"நிறுத்துக்கா!" தம்பி கையை நீட்டித் தடுத்தான். "நீ அவங்க சாட்சி. வீட்டுல வச்சு நீ ஒரு வார்த்த சொல்லி, அது வெளிய தெரிஞ்சா, சாட்சியக் கலைச்சான்னு என் மேலயே திருப்பிடுவாங்க. வக்கீல் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காரு. எதுவா இருந்தாலும் அங்க வந்து சொல்லு."

வழக்கைப் பற்றி வீட்டில் பேசமாட்டேன் என்று நிறுவனமும் அவளிடம் எழுதி வாங்கியது. ஆக, தம்பி திருடன் இல்லை என்று நிரூபிக்கக்கூடிய ஒரே ஆள், திருடன் என்று பேர் வாங்கியவனோடு தினமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பொடி என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஒருநாள் மிளகுப் பொடி வேண்டியிருந்தபோது தம்பி மனைவி, "அண்ணி, அந்த... கறுப்பா காரமா இருக்குமே, அதக் கொஞ்சம் எடுங்க. பேரச் சொன்னா வக்கீல் திட்டுவாரு" என்றாள். தம்பிகூடச் சிரித்துவிட்டான். வழக்கில் தோற்றால் கொட்டகைக்குப் பூட்டு. அதைவிட, ஊரில் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மத்தியில் அவன் காலத்துக்கும் திருடன். அந்த நினைப்பு சிரித்து முடித்த எல்லோர் முகத்திலும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

அவள் தலைவரைப் போய்ப் பார்த்தாள். அவர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"அந்த மூணாம் மாதிரிய மழையில ஊதினோம் சார்."

"சரி."

"காஞ்ச காத்துல ஊதியிருந்தா அதுவும் நின்னிருக்கும். அந்தக் கொட்டகைக்காரங்க திருடல."

அவர் பேனா மூடியை எடுத்து, நுனியில் வந்ததைப் பார்த்து, மேஜை ஓரத்தில் துடைத்தார். "இதுல பொய் எங்கம்மா இருக்கு? நீங்க ஊதினீங்க. மீட்டர் காட்டிச்சு. எழுதினோம்."

"மழைய எழுதலியே சார்."

"மழை இயற்கைம்மா. அதுக்கு நான் பொறுப்பா?" சிரித்தார். "தம்பின்னா மனசு அடிச்சுக்கத்தான் செய்யும். யாரு இல்லன்னா? ஆனா அங்க போய், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காதத சொல்றதுக்குப் பேரு உண்மையில்ல, அதிகப்பிரசங்கித்தனம்."

அந்த மூடியைப் பேனாவில் மாட்டி, அதே பேனாவை அவளிடம் நீட்டினார், வந்துபோகும் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி. அவள் தன் பேனாவை எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அவர் மேல் வந்த அருவருப்பில் கால்வாசி தன் மேலும் வந்தது. மேல்தட்டுக்கு நாற்காலி போட்டு ஏறி இறங்கியவள் அவள்தானே. அவர் ஒருநாளும் ஏறியதில்லை, மூட்டுவலி.

விசாரணையை நீதிமன்றம் நியமித்த ஆணையர் ஒருவர் நடத்தினார். ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு காதில் கருவி. ஒரு விடுதியின் கூட்ட அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தரைவிரிப்பில் பழைய ஈர நாற்றம். நீள மேஜையில் தட்டுத் தட்டாக பிஸ்கட். இரண்டு பக்கத்து வக்கீல்களும் மென்றுகொண்டே பேசியதில் தாள்களின் மேலெல்லாம் துணுக்கு. தம்பி எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் அதற்கும் ஏதாவது சட்டம் இருக்கும் என்று பயந்தான் போல.

நிறுவனத்து வக்கீல் கேட்டார். மாதிரியைச் செய்முறையில் உள்ளபடிதானே செய்தீர்கள்? ஆமாம். அதே கருவியில்தானே அளந்தீர்கள்? ஆமாம். இது உங்கள் கையெழுத்துதானே? ஆமாம். ஒவ்வொரு ஆமாமும் உண்மை. ஒவ்வொன்றும் தம்பியின் கொட்டகைக் கதவில் அடித்த ஆணி.

பிறகு தம்பியின் வக்கீல் எழுந்தார். பழைய செய்முறையில் 'நன்கு கலக்கவும்' என்று இருந்தது. அந்த 'நன்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். நன்கு என்றால் எவ்வளவு நன்கு? கரண்டியாலா, இயந்திரத்தாலா? கலக்கியவருக்கு நன்கு என்று பட்டால் போதுமா, கலங்கிய பொடிக்கும் படவேண்டுமா? நிறுவனத்து வக்கீல் அகராதியைத் திறந்தார். இவர் வேறொரு அகராதியைத் திறந்தார். காலை முழுக்க இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லை மென்று, துப்பி, துப்பியதை மறுபடி எடுத்து மென்றார்கள். ஆணையர் கருவியைக் காதிலிருந்து கழற்றித் துடைத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"வேறு கேள்வி இல்லை" என்று தம்பியின் வக்கீல் உட்காரப் போனார்.

அவ்வளவுதானா? ஊதலக்கா அவர் பக்கம் திரும்பினாள். சாட்சி நாற்காலியிலிருந்து எழாமல், "ஒண்ணு கேக்க விட்டுட்டீங்க" என்றாள்.

நிறுவனத்து வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். சாட்சி கேள்வி கேக்கக் கூடாது!"

ஆணையர் கருவியை மாட்டிக்கொண்டார். "அவங்க கேக்கலைய்யா. நீங்க ரெண்டு பேரும் கேக்காதத சொல்றாங்க. சொல்லும்மா, என்ன?"

"அன்னைக்கு நல்ல மழைங்க ஐயா."

யாரோ சிரித்தார்கள். நிறுவனத்து வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவர் கையிலிருந்த பிஸ்கட்டை உற்றுப் பார்த்தார்.

"எங்க சரக்க வெயில்ல ஊதுவோம். மட்டம்னு காட்ட வேண்டியத மழைக்கு வைப்போம். மூணு மட்டுமில்ல, ஒப்பீட்டு மாதிரி எல்லாமே அப்படித்தான். ஈரத்துல எதுவும் நிக்காதுங்க, எங்களதும் நிக்காது."

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க பழைய ஆபீஸ்ல ஒரு நகல் மெஷின் இருந்துச்சு. மழை பிடிச்சா தாளெல்லாம் சாம்பல் பூசின மாதிரி வரும். குமாஸ்தாவ அந்தத் திட்டுத் திட்டினேன். இதானா அது?"

"இதேதாங்க ஐயா."

"பாவம் அந்த ஆளு" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். காய்ந்த அறையில், இரண்டு தரப்பு முன்னிலையிலும் மறுபடி அளக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

இடி விழும் என்று அவள் எதிர்பார்த்தாள். எதுவும் விழவில்லை. வக்கீல்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். போகிற வழியில் நிறுவனத்து வக்கீல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்பத் தெளிவா பேசினீங்க மேடம்" என்றார். கை சொதசொதவென்று இருந்தது. ஒருவேளை கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இவர்களுக்குக் கோபம்கூட வரவில்லையே!

வீட்டில் தம்பி, கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டவனைப் போல, "தேங்க்ஸ்க்கா" என்றான். உணர்ச்சிவசப்பட்டால் வார்த்தை வராத பிள்ளை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுவாரமே அவளைத் திரும்பி வரும் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். வாடிக்கையாளர்கள் குறை சொல்லி அனுப்புகிற பெட்டிகளை உடைத்துக் கொட்டுகிற இடம் அது. ஜன்னல் இல்லை. உடைந்த பெட்டிகளிலிருந்து புழுதி எழும்பிக்கொண்டே இருக்கும், கண்ணிமைக்குள் நறநறக்கும். தலைவர் ஒருநாள் வாசலில் நின்று, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "சௌகரியமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. மறு அளவீடு முடியட்டும் என்று இருந்தாள். அது முடிந்துவிட்டால் தம்பி தலை நிமிர்ந்துவிடுவான், அதுபோதும்.

மறு அளவீடு நடக்கவே இல்லை.

ஒரு மத்தியானம் தம்பி சந்தோஷமாக வந்தான். சட்டையே புதிது. கைகழுவிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து, தாள்களைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"முடிஞ்சுதுக்கா. சமாதானம். வழக்க வாபஸ் வாங்கிட்டாங்க. திருட்டு கிருட்டுன்னு எழுதினதெல்லாம் போச்சு. இனிமே நம்ம கொட்டகை அவங்க அனுமதியோட நடக்கும். இந்த ஊருல வேற எவனும் அந்தப் பொடிய செய்ய முடியாது. செஞ்சா நோட்டீஸ்தான்."

"அப்ப அவங்க காப்புரிமை?"

"அது நிக்குது."

"எப்படிடா நிக்கும்? மழையில ஊதினதுன்னு நான் சொன்னதுக்கு அப்புறம்?"

"மூணாம் மாதிரிய மட்டும் எடுத்துடறாங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்."

"மத்ததும் மழைக்கு வச்சதுதானடா."

"அத யாரும் இப்ப கேக்கலியே. கேக்காதத நாம ஏன் சொல்லணும்?"

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். விளக்கெண்ணெய் நாற்றம் அவள் வேலை இடத்தில்தான் அடிக்கும் என்று நினைத்திருந்தாள். "மூணாவத எதுக்கு எடுக்கறாங்களாம்? ஏதாவது காரணம் எழுதியிருப்பாங்களே."

தம்பி தாளைப் புரட்டுவதுபோல் செய்தான். "அது வக்கீல் பாஷைக்கா. உனக்கு எதுக்கு?"

"படி."

அவன் வேகமாக, மூக்கால் படித்தான். "மூன்றாம் ஒப்பீட்டு மாதிரியின் அளவீட்டில் காணப்படும் வேறுபாடு, அளந்தவரின் கைப்பிழையால் நேர்ந்தது என்று இரு தரப்பும் ஏற்றுக்கொள்கின்றன."

"இரு தரப்பும்" என்றாள் ஊதலக்கா. "நான் எந்தத் தரப்பு?"

"நீ தரப்பே இல்லக்கா. சாட்சி."

"என் கை தவறிடுச்சுன்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க."

"உன் பேரு எங்கயாவது இருக்கா பாரு. அளந்தவர்னுதான் போட்டிருக்கு."

"அளந்தது வேற யாருடா?"

"வெறும் வார்த்தைக்கா அது. மழைன்னு எழுதினா அவங்க மேல தப்பு வரும், காப்புரிமையே போயிடும். அதுக்கு பதிலா ஒரு வார்த்த கேட்டாங்க, குடுத்தேன். நான் திருடன் இல்லன்னு ஆயிடுச்சா இல்லியா? அதுக்குத்தான நீயும் அங்க வாயத் திறந்த?"

அதற்குத்தான் திறந்தாள். எதற்காகப் பேசினாளோ அது முழுசாகக் கிடைத்துவிட்டது, தம்பி திருடன் இல்லை. இத்தனை நாள் அவளுக்குச் சொந்தம் என்று இருந்த ஒரே விஷயத்தை, கை தவறாதவள் என்ற பேரைக் கொடுத்துவிட்டுத்தான் அதை வாங்கியிருந்தான், அதுவும் அவளைக் கேட்காமல். கோபப்பட்டுக் கத்தலாம் என்று பார்த்தாள். தொண்டையில் கோபம் இல்லை; உடைந்த பெட்டிகளின் புழுதி மட்டும்தான் இருந்தது.

தம்பி மனைவி சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "எங்க, அந்த வரிய இன்னொரு தடவ படிங்க."

"எதுக்குடி?"

"காதுல சரியா விழல."

அவன் படித்தான். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"கைப்பிழைன்னா?"

"கை தவறினது."

"யாரு கை?"

அவன் தட்டை நோக்கிக் கையை நீட்டினான். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுல கையெழுத்துப் போட்ட கைய என் சாப்பாட்டுல வைக்காதீங்க. போய்க் கழுவிட்டு வாங்க."

"கழுவிட்டுதான உக்காந்தேன்?"

"பத்தல."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

தம்பி மனைவி அவன் தட்டை அப்படியே ஊதலக்காவின் முன்னால் நகர்த்தினாள். "நீங்க சாப்பிடுங்க அண்ணி. ஆறிடப் போகுது."

ஊதலக்காவுக்குப் பசித்தது. இத்தனை கேட்ட பிறகும், இதே மேஜையில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குப் பசிக்கிறதே என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவளுக்குக் குமட்டலாக இருந்தது. தாளை எடுத்து, எழுத்து கீழே போகும்படி திருப்பிக் காலி நாற்காலியில் போட்டாள். தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். உப்புக் குறைவாக இருந்தது. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.